ஈரம் காயாத இடம்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள்தான் நானும். தென்காசிப் பக்கம் பிறந்து, இருபது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் ஜேசிபி ஓட்டுகிறேன், சுடுகாட்டு மண்ணையே தோண்டியிருக்கிறேன், ஒரு நாளும் எதுவும் வந்து என் தோளைத் தட்டியதில்லை.

அன்று வெள்ளாயணிக் காயலை ஒட்டி ஒரு சதுப்பை மண் போட்டு நிரப்பும் வேலை, யாரோ வீடு கட்டப் போகிறார்கள். நல்ல உச்சிவெயில். பக்கெட் நிறையச் செம்மண்ணோடு போனால், நேர் எதிரே புல்லுக்குள் ஒரு வாத்து. உடம்பு கருந்தவிட்டு நிறம், தலையும் கழுத்தும் மட்டும், நம்பினால் நம்புங்கள், ரோஜாப்பூ நிறம். ஹாரன் அடித்தேன், அசையவில்லை. இறங்கிப் போனேன், வாத்தைக் காணோம். அது உட்கார்ந்திருந்த இடத்தில் புல்லாலான கூடு, உள்ளே இரண்டு முட்டை, பந்துபோல உருண்டை. புல்லில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

சூப்பர்வைசரைக் கூட்டி வந்து காட்டினால் கூடும் இல்லை, முட்டையும் இல்லை.

"வெறும் புல்லுல்லா அண்ணே. வைகுந்நேரத்துக்குள்ள, இருட்டுறதுக்கு முன்ன வேலையத் தீர்க்கணும், கேட்டோ," என்று போய்விட்டார்.

மறுபடி ஏறி உட்கார்ந்தால், அது அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயம், வெயில், எரிச்சல், என்னத்தைச் சொல்ல, மண்ணைக் கொட்டிவிட்டேன். அது கத்தக்கூட இல்லை.

அன்று ராத்திரி வீட்டில், ஒன்பதாம் கிளாஸ் படிக்கும் மகளிடம் வாத்தின் நிறத்தை மட்டும் சொன்னேன். போனில் தேடிப் படத்தை நீட்டினாள், அதேதான்.

"இது இப்ப எங்கயுமே இல்லப்பா. வடக்க இருந்துச்சாம். கொஞ்சத்தச் சுட்டாங்க, கொஞ்சத்த அழகுக்குப் பிடிச்சு வளத்தாங்க. அது ஒளியுற சதுப்பையெல்லாம் திருத்தி வயலாக்கிட்டாங்க. முட்டைகூட பந்து கணக்கா உருண்டையா இருக்குமாம்."

முட்டையைப் பற்றி நான் அவளிடம் மூச்சே விடவில்லை.

விடிந்ததும் போய்க் கையாலேயே தோண்டினேன். செம்மண்தான் வந்தது. பாவம் செய்துவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது அங்கே வீடு நிற்கிறது. ஹாலில் ஓரிடத்தில் மட்டும் ஈரம் காயவில்லை, மண்ணை ஒழுங்காக நிரப்பினீர்களா என்று வீட்டுக்காரர் சத்தம் போட, போன மாதம் சூப்பர்வைசர் என்னையும் கூட்டிப்போனார். டைல்ஸ் மேல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக ஈரம். பைப் கசிவாக இருக்கும் என்றுதான் நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, குனிந்து அந்த ஈரத்தில் கை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.