அமலி அக்காவின் பன்னிரண்டு நிமிடங்கள்

அமலி அக்கா இறந்த செய்தி எனக்குத் தமிழில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது வானொலி நிலையத்திலிருந்து லான் அழைத்தார். அங்கே வியட்நாமிய நிகழ்ச்சியை நடத்துபவர். "உங்கள் சகோதரி போய்விட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. நிலையத்தில் நான் 'அக்கா, அக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, யாரிடமோ பொருள் விசாரித்து வைத்திருக்கிறார். நான் அவரைத் திருத்தவில்லை. முதல் நாள் மதியம் வேலையிடத்திலேயே நெஞ்சுவலி வந்ததாம். அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது.

ரிச்சர்ட்சன் நகரில் இருக்கும் தமிழர்களான நம்மில் பலருக்கு அவரை முகத்தால் தெரியாது, குரலால் தெரியும். தூத்துக்குடிக்காரர். வார நாட்களில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளைப் பரிசோதிப்பவர். ஞாயிறு காலை பொது வானொலியில் ஒரு மணி நேரம் தமிழில் பேசுபவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் பாட்டுத் தேர்வு செய்யும் வேலைக்கு நான் அவருடன் சேர்ந்தேன். முதல் நாள் வெகு கவனமாக அடுக்கி வைத்திருந்த பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "பாட்டெல்லாம் நல்லாருக்கு மாலதி. வெளிய வானத்தப் பாத்தியா, ஒரு மாதிரி மஞ்சளா இருக்கு" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவருடைய கண் ஏன் எப்போதும் வானத்தில் இருந்தது என்பது என் மாமனார் ஊரிலிருந்து வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மாமா ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சூறாவளி எச்சரிக்கை சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். மாமா அதை மில் சங்கு என்று எடுத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைச் சரிசெய்து, சாப்பிட உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பிற்பகல் நாலு மணிக்கு நிஜமாகவே சைரன் ஊதியது. அவர் பனியனோடு வாசலில் போய் நின்று, வானத்தைப் பார்த்து, "இந்த ஊர்ல ஷிஃப்ட்டுக்கு ஒரு நேரம் காலம் கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார்.

இதை நான் அக்காவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பகல்ல வீட்டுல தனியாத்தான இருக்காரு? ரேடியோ இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் பேட்டரியில் ஓடும் சின்ன வானொலி ஒன்றைக் கொண்டுவந்தார். அலைவரிசை நகராதபடி திருகின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்த ஞாயிறு நிகழ்ச்சியில், "சைரன் ஊதினா சாப்பிட உக்காராதீங்க. வாசலுக்குப் போய் வேடிக்கையும் பாக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அன்று வந்த அழைப்புகளில் பாதி, எங்கள் அப்பாவும் இப்படித்தான், எங்கள் அத்தையும் இப்படித்தான் என்று சிரித்தவை.

போன கோடையில் அரசு நிதியை வெட்டிய செய்தியை அக்காதான் வாசித்தார். வெளிநாட்டு உதவிக்கும் பொது வானொலிக்கும் ஒதுக்கியதை ஒன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எங்கள் நிலையத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றேன் நான். அக்கா கேட்கவில்லை. அவருடைய தங்கை ஆப்பிரிக்காவில் ஒரு சிறு மருந்தகம் நடத்தும் கன்னியாஸ்திரி. அங்கே காசநோய் மாத்திரைக்கு வரிசையில் வந்தவர்களைத் தங்கை திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார். "மாத்திர முதல்ல. நம்ம ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு அந்த வரிசையில்தான் வாசித்தார்.

வாசித்து முடித்ததும் ஓய்வுபெற்ற பொறியாளரான சண்முகம் அங்கிள் அழைத்தார்.

"அமலிம்மா, நானும் டாக்ஸ் கட்றேன். நாம தமிழ்ப் பாட்டு கேக்குறதுக்கு கவர்ன்மென்ட் எதுக்கு பே பண்ணணும்? கட் பண்ணது கரெக்ட்தான்."

"பாதி சரி அங்கிள். பாட்டுக்கு அவங்க தர வேண்டாம்."

"மீதி பாதி?"

"பனி கொட்டி ரெண்டு நாளு கரண்டு போச்சே, ஃபோன் செத்துப்போச்சுன்னீங்க. அப்போ எதக் கேட்டீங்க?"

"உங்களத்தான் கேட்டேன். அதுக்காக நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்க மாட்டேன்."

"ஒத்துக்காதீங்க. அடுத்த வாரமும் கூப்பிட்டு வையுங்க. பேட்டரிய மாத்திட்டீங்களா?"

ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை. இலையுதிர் காலத்தில் நிலைய மேலாளர் மொழி நிகழ்ச்சிக்காரர்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார். அக்காவோடு நானும் போனேன். ஞாயிறு காலை முழுவதும் ஒரு தொழில்நுட்பப் பணியாளரை வைத்துக்கொள்ள இனி முடியாது. ஒரு மணி நேரத்துக்குத்தான் முடியும். ஆகவே எல்லோரும் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள், கணினி அதை ஒலிபரப்பிவிடும் என்றார். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. நம் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும், பாட்டுகளும் இருக்கும்.

அக்கா எழுந்து, "ரெக்கார்டிங்குக்கு வெளிய காத்து அடிக்கிறது தெரியாது" என்று முதலில் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் மேலாளரிடம் சொன்னார். பிறகு, ஐந்து மொழிகளும் அந்த ஒரே மணி நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்வோம், ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், எல்லாம் நேரலை, பாட்டு வேண்டாம் என்றார். மற்றவர்கள் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாகன நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னக் கேக்காம எப்படிக்கா முடிவு பண்ணலாம்? இது உங்க ஒருத்தரோட ப்ரோக்ராமா?"

"கேட்டிருக்கணும். தப்புதான்."

"அப்போ மாத்துங்க."

"மாத்த மாட்டேன்ட்டி."

நான் விலகிக்கொண்டேன். குளிர்காலம் முழுவதும் அவரோடு பேசவில்லை. நான் மட்டுமல்ல, நம்மில் எத்தனை பேர் அப்போது அவரைக் குறை பேசினோம் என்பது நமக்கே தெரியும். பொங்கல் விழாவில் ஒருவர் அவர் காதுபடவே, "ஒரு மணி நேரத் தமிழ அஞ்சாப் பிச்சுக் குடுத்த மகராசி வர்றாங்க" என்றார். அக்கா தட்டில் பொங்கலை வாங்கிக்கொண்டே, "ஆறாவதா ஒரு ஆளு வந்து கேட்டா பத்து நிமிஷமாக்கிருவேன் தம்பி" என்றார். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். அவருக்காக ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிறு காலை, மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தேன். கைபேசி அலறியது. சூறாவளி எச்சரிக்கை, எங்கள் பகுதியின் பெயரோடு. வீட்டில் மாமா மட்டும். கூப்பிட்டால் எடுக்கவில்லை. பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. வானொலியைத் திருப்பினேன். லான் வியட்நாமிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அடுத்து அக்காவின் குரல்.

"லான் எனக்கு இடம் விட்டுருக்காங்க. தனியா இருக்கிற பெரியவங்க கேளுங்க. வாசலுக்குப் போகாதீங்க. உள்ள போங்க. தலகாணிய எடுத்துத் தலைக்கு மேல வச்சுக்கோங்க."

பிறகு ஸ்பானிஷ். பிறகு உருது, அம்ஹாரிக், வியட்நாமியம். மறுபடி அக்கா: "ஜன்னல் இல்லாத எடமாப் பாருங்க. துணி வைக்கிற ரூம் இருக்கும்லா, அதுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கோங்க. நான் இங்கதான் இருக்கேன்." யாருக்கும் பன்னிரண்டு நிமிடக் கணக்கு இல்லை. ஒலிவாங்கி கைமாறிக்கொண்டே இருந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு மொழிதான் கேட்டிருக்கும். ஐந்து பேரும் ஒரே அறைக்குள் இருந்தது அக்கா செய்த காரியம். பாலத்தின் மேல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அதைப் புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமாவின் படுக்கையறை ஜன்னலுக்குள் மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிலெல்லாம் கண்ணாடி. மாமா என் புடவைகளுக்கு அடியில், தலையணையோடு, வானொலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்தம்மா இன்னும் வெளிய வரச் சொல்லல" என்றார்.

அன்று மாலை அக்காவை அழைத்தேன். "அக்கா, அன்னிக்கு பார்க்கிங்ல நான்..."

"அத விடு. நான் சொன்னது அவருக்கு வெளங்குச்சா? எங்க வெளங்கல?"

மாமா கைபேசியை வாங்கினார். "மொதல்ல உள்ள போங்கன்னீங்க. நான் படுக்கிற ரூமுக்குப் போனேன். அதுவும் உள்ளதானம்மா?"

"ஆமாய்யா, என் தப்பு. இனிமே ஜன்னல் இல்லாத எடம்னே மொத வார்த்தையாச் சொல்லுதேன்." எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு என்னிடம், "எனக்குத் தொண்ட கட்டுது. ஞாயித்துக்கிழம வந்து பாதிய வாசிக்கியா?" என்றார்.

போனேன். ஏழு ஞாயிறுகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒருமுறை இரங்கல் செய்தி ஒன்றில் 'அன்பே உருவான' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டார். "அருமை பெருமையெல்லாம் சர்ச்சுல சொல்லிக்கிடட்டும். ரேடியோவுல அங்க போய்ச்சேர வழியச் சொல்லு."

சென்ற ஞாயிறு அவருடைய இரங்கல் செய்தியை நான் வாசித்தேன். பெயர், ஊர், திருப்பலி நடக்கும் ஆலயம், நேரம், வண்டியைப் பின்பக்கம் நிறுத்தலாம் என்பது. அவ்வளவுதான். அருமை பெருமைகளை இங்கே எழுதிவிட்டேன், அக்கா மன்னிப்பாராக. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. சொல்லி முடித்ததும், நன்றாகச் சொன்னோமா என்று நினைக்காமல், யாருக்கு எங்கே விளங்காமல் போயிருக்கும் என்று கேட்டுக்கொள்வது.

வாசித்து முடித்ததும் வயதான ஓர் அம்மா அழைத்தார். "கண்ணு, பின்பக்கம்னு சொன்னே, எந்தத் தெரு வழியா வரணும்னு சொல்லலியே?"

நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டேன். லான் தன் நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தை எனக்குத் தள்ளிவிட்டார். தெருவின் பெயரைச் சேர்த்து மறுபடி வாசித்தேன்.