அத்தையின் இடப்பக்கம்

எந்தப் பந்தயமும் கைக்குப் படிந்த மறுநாளே அத்தைக்குச் சலித்துப்போகும் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு ஒரே தங்கை. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தபோது, கூடப் படித்த பையன்கள் ஒரு குட்டிப் பந்தய வண்டியைச் செய்துவிட்டு, ஓட்டுவதற்கு எடை குறைந்த ஆளைத் தேடியிருக்கிறார்கள். வகுப்பிலேயே ஒல்லி அத்தைதான். விளையாட்டாக உட்கார்ந்தவள் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் மண்ணில் பைக் ஓட்டினாள். கோயம்புத்தூர் பக்கம் போய், ஒருத்தர் மட்டும் படுத்த மாதிரி உட்காரும் தாழ்ந்த காரை ஓட்டினாள். ஒரு வருஷம் லாரிப் பந்தயம். “லாரி ஓட்டுறதுக்கா அம்புட்டுப் படிச்சா?” என்று அம்மா மாய்ந்துபோனாள். லாரியும் அலுத்து, காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் நாள் கணக்கில் ஓடும் ராலிக்குப் போனாள். எங்கள் சபையில் பாஸ்டர் ஐயா, “வாகனங்களில் விரைந்து செல்லும் எங்கள் சகோதரியை” என்று ஜெபத்தைத் தொடங்கும்போது, கண்ணை மூடியிருந்த எல்லோருக்கும் அது யாரென்று தெரியும்.

எனக்கு அவை தனித்தனிப் பந்தயங்களாகத் தோன்றியதில்லை. உலகத்தில் எங்கேயோ முடியாத ஒரு ரோடு இருக்கிறது, அத்தை அதில் போய்க்கொண்டே இருக்கிறாள், நாம் மதுரையில் பஸ் மாறுவதுபோல நடுநடுவே வண்டியை மட்டும் மாற்றிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தூக்கத்தில் அந்த ரோட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மாந்தோப்பாக இருக்கும்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அத்தை ராஜபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராலியில் கார் உருண்டு தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது என்று சொன்னார்கள். கையைத் தொட்டில்போலக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்தில் வைத்த காபி டம்ளரை அடிக்கடி தட்டிவிட்டாள். “கை படுற இடத்துல ஏன்ட்டி வைக்க?” என்று அம்மா என்னைத்தான் வைதாள்.

கைக்கட்டை அவிழ்த்துக் கொஞ்ச நாளில் அப்பாவிடம் ஜீப் சாவியைக் கேட்டாள். மாந்தோப்புக் குத்தகைக்காக அப்பா வைத்திருந்த பழைய டீசல் ஜீப் அது.

“ரோட்டுல வேண்டாம்ணே. கண்மாய்க்குள்ள செத்த நேரம் ஓட்டிப் பாக்கேன்.”

அப்பாவுக்கு அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் வேலை இருந்தது. அந்த ஊருக்கு முன்னாலேயே, தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் ஜீப்பை இறக்கி நிறுத்தி, சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, ரோட்டில் வந்த மினிபஸ்ஸில் ஏறிப்போனார்.

அத்தை என்னை இடது பக்க இருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டை இறுக்கினாள்.

“ராலியில பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து வழி சொல்லிட்டே வருவாங்க. இன்னைக்கு நீதான் அந்த ஆள். இடப்பக்கம் என்ன வந்தாலும் சத்தமாச் சொல்லணும், என்ன?”

“வலப்பக்கம்?”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

கண்மாய் வெயில் தாழ்ந்து மஞ்சளாகக் கிடந்தது. ஜீப் மெதுவாக வட்டம் போட ஆரம்பித்தது. அத்தை இவ்வளவு மெதுவாகக்கூட ஓட்டுவாளா என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் அது மறந்துபோயிற்று. “கருவேல மரம்! கல்லு! பள்ளம்!” என்று நான் கத்தக் கத்த, சொன்னதற்கெல்லாம் வண்டி வளைந்து கொடுத்தது. என் வாயிலிருந்துதான் அந்தக் கண்மாயே உண்டாகிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எழும்பிய புழுதிக்குள் சூரியன் கரைந்து, மேற்கே மலை காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல நீலமாக நின்றது. கொக்குகள் கூட்டமாக எழுந்து எங்கள் கூடவே பறந்தன. நாங்கள் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். கொக்குகளைப் பார்த்தபடி சொல்வதை நிறுத்தியிருந்தேன்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டி ஓடிவந்தது. தூரத்திலிருந்தே அது ஓடிவருவது தெரிந்தது. அத்தையும் பார்த்திருப்பாள் என்றுதான் இருந்தேன். ஜீப் அதை நோக்கியே போனது.

“அத்தை, கன்னுக்குட்டி!”

ஜீப் குலுங்கி நின்றது. கன்றின் மூக்கு பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது புழுதியில் ஒரு தும்மல் போட்டுவிட்டு அங்கேயே நின்றது.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கம்போடு ஓடிவந்தாள். “ஏம்மா, கண்ணு தெரியலையா ஒனக்கு?”

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். “ஆமாக்கா. இந்தப் பக்கம் தெரியல.”

சண்டைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பைத் தாழ்த்திக்கொண்டு, “பொறவு எதுக்குத்தா ஓட்டுத?” என்று கேட்டாள். இப்போது குரலில் கோபம் இல்லை. அந்தப் பெண் கன்றைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சண்டை வராமல் இருக்க அத்தை சாமர்த்தியமாக ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை இன்ஜினை நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள். பிறகு ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சூடு ஆறும் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் கேட்டது.

இருட்டும் நேரத்தில் அப்பா பால்கோவாப் பொட்டலத்தோடு மினிபஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். “என்ன, டீசல் தீந்துட்டா?”

“இல்லண்ணே. நீ ஓட்டு.”

என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு அத்தை இடது பக்கம் உட்கார்ந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை ரோட்டில் ஏற்றி ராஜபாளையத்துக்குத் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும் அத்தை சொல்ல ஆரம்பித்தாள்.

“லேசா வலது. நேரே. சின்னப் பாலம், அதத் தாண்டி இடது.”

எட்டிப் பார்த்தேன். அத்தை இரண்டு கண்களையும் மூடியிருந்தாள். படிக்கிற காலத்தில் தினமும் காலேஜ் பஸ்ஸில் போய்வந்த ரோடு அது. அப்பா முதலில் சிரித்தார். பாலம் வந்தது, இடது வளைவு வந்தது. அப்புறம் அவர் சிரிக்கவில்லை. அத்தை சொன்ன பிறகுதான் கியர் மாற்றினார், அவள் சொன்ன இடத்தில்தான் பிரேக்கில் கால் வைத்தார். ஓர் இடத்தில் மட்டும் ஜீப் தூக்கிப்போட்டது.

“இந்த ஸ்பீடு பிரேக்கர் எப்பப் போட்டாங்க?” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

“போன மாசம்.”

“அப்பச் சரி. மேல சொல்லுதேன்.”

நான் பால்கோவாவைத் தின்றுகொண்டு அந்தக் குரலைக் கேட்டபடி சாய்ந்திருந்தேன். எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சம் கூரையில் ஊர்ந்து போனது. வலது, நேரே, இடது. எனக்குத் தெரிந்த ரோடுதான். அத்தை சொல்லச் சொல்ல, இன்னும் யாரும் போயிருக்காத ரோடுபோல இருந்தது.

அடுத்த வருஷம் ராலியில் வேறொருத்தியின் காரில் அத்தை வழி சொல்லப் போனாள். அதன்பிறகு அதைவிட்டு வேறு எதற்கும் மாறவில்லை. ஒரு கண் போய்விட்டதை வீட்டில் எனக்குச் சொன்னபோது நான் பெரிய வகுப்புக்கு வந்திருந்தேன்.

அன்றைக்கு வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் அப்பா இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் குதித்து இறங்கி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி எப்ப அத்தை ஓட்டுவீய?” என்று கேட்டேன்.

“இப்பத்தானட்டி ஓட்டிட்டு வாரேன்” என்றாள் அத்தை.

கண்மாயைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “ஆமா, அத்தை கண்மாய்க்குள்ள ஓட்டுனாங்க” என்று அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.