புரியாமல் சிரித்த சிரிப்பு

இங்கிலீஷ் புரியாத இடங்களில் நான் சிரித்துவிடுவேன். கேளம்பாக்கம் ஆபீசில் இத்தனை வருஷத்தை அப்படித்தான் ஓட்டினேன். லண்டனில் இருக்கும் எங்கள் மேனேஜர் டேவிட், வீடியோ மீட்டிங்கில் வாய் திறந்தாலே இடியம்தான். ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த மாதிரி இருக்கும், சேர்ந்து வந்தால் ஒன்றும் விளங்காது. பல்லைக் காட்டிவிடுவேன். அவரும் என்னை ஜாலியான ஆள் என்றே நம்பினார்.

ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் யாரோ அவர் மனைவியைப் பற்றி விசாரித்தார்கள்.

"ஷி லாஸ்ட் ஹெர் பேட்டில்" என்றார் டேவிட்.

பேட்டில் என்றால் சண்டை. புருஷன் பொண்டாட்டி சண்டையில் மனுஷன் ஒருவழியாக ஜெயித்துவிட்டார் என்று நினைத்துச் சத்தமாகவே சிரித்தேன்.

ஸ்கிரீனில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சாரி சார், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். அந்த மீட்டிங்குகளில் நான் பேசிய முதல் உண்மை அது.

டேவிட் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மை வைஃப் டைட்." அவர் சொன்ன சண்டை நோயோடு நடந்தது; மனைவி இறந்துவிட்டார்.

தாம்பரம் திரும்பும் பஸ்ஸில், கூட வேலை செய்யும் கவிதா மெதுவாகச் சொன்னாள். "அவங்க ரொம்ப முடியாம இருக்காங்கன்னு போன மாசமே சொன்னாரு சார். அப்பவும் நீங்க சிரிச்சீங்க."

இப்போதெல்லாம் புரியாவிட்டால் உடனே கேட்டுவிடுகிறேன். டேவிடும் என்னிடம் எளிய வார்த்தைகளில்தான் பேசுகிறார். ஆனால் அன்று நேராகச் சொல்லத் தாங்காமல்தானே அவர் அப்படிச் சுற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று வார்த்தைகளை அவர் வாயிலிருந்து வரவழைத்தது நான்தான்.