மாமாவின் மூச்சில் பழ வாசனை

போன மாதம் ஒரு காலையில் என் மகளை எழுப்பக் குனிந்தபோது, அவள் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை அடித்தது. வீட்டில் பழமே இல்லை. அந்த வாசனை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், பீன்யா தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலை வாசலில் முகர்ந்தது.

அம்மாவின் தம்பி அங்கே வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்திலேயே பருமனானவர். கூட வேலை செய்த நான்கு பேரை நிர்வாகம் நீக்கியதும், திரும்ப எடுக்கும்வரை சாப்பிடமாட்டேன் என்று வாசலில் ஷாமியானா போட்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்கென்ன, ஒரு மாசத்து ஸ்டாக் இருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாராம்.

ஐந்தாம் நாள் அம்மா என்னை பஸ்ஸில் கூட்டிப்போனாள். மாமா என்னை இழுத்து அருகில் உட்காரவைத்தார். நான் சத்தமாகவே கேட்டேன்: "மாமா, வாழைப்பழம் சாப்பிட்டியா?"

சுற்றியிருந்த தொழிலாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வந்து குனிந்து முகர்ந்தார். "ஆமாப்பா, வருது." கேட்டுக்கு உள்ளே நின்ற மேனேஜர் சிரித்தார். பாயைத் தூக்கினார்கள், பையைக் கொட்டினார்கள்.

"நல்லா தேடுங்கப்பா. கிடைச்சா எனக்கும் பாதி குடுங்க" என்றார் மாமா.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு யாரும் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஷாமியானாவை விட்டு வெளியே போனார். கேட்டுக்கு நேர் எதிரே, மேனேஜர் கண்ணிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வெயிலில் விரித்து உட்கார்ந்தார். அம்மா என்னைக் கிள்ளிய இடம் வீடு வரும்வரை வலித்தது.

அங்கேயே இன்னும் நான்கு நாள், தண்ணீரும் உப்பும் மட்டும். ஒன்பதாம் நாள் அந்த நான்கு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

சாப்பாடு வராவிட்டால் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை உடைத்து எரிக்கும், அதில் கொஞ்சம் மூச்சில் பழ வாசனையாக வெளியேறும் என்று மகளைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். என் மகளுக்கு இன்சுலின் சுரக்காததால், ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடம்பு பட்டினி என்றே நினைத்து அதே வேலையை அளவில்லாமல் செய்திருக்கிறது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று அவர் தொடங்கியதை நான் கேட்க விரும்பவில்லை. இப்போது தேறிவிட்டாள். ஆனாலும் தூங்கும்போது குனிந்து முகர்ந்து பார்க்கிறேன்.

உண்ணாவிரதம் முடிந்த அன்று மாமா எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பேண்ட் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீயாவது நம்புறியாடி?"

அத்தனை பேர் தேடியும் அகப்படாமல் பழத்தை ஒளித்துவைத்த மாமாவை அன்று நான் மெச்சியதுபோல் வேறு யாரையும் மெச்சியதில்லை. அவர் காதோரம் போய், "யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மாமா" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வெகுநேரம் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.