கொலுசாகிப் போன செருப்பு

அந்தப் பாட்டுக்காரர் மேடையில் ஒருநாளும் பாடாத பாட்டுகள் மூன்று உண்டு. அவருடைய ரசிகர்களுக்கு இது பெரிய புதினம். லண்டனிலும் டொரண்டோவிலும் மண்டபம் நிறைந்த சனம் கத்திக் கத்திக் கேட்டும் பாடமாட்டாராம். "பாடினால் மனம் தாங்காது" என்று பேட்டியில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைப்பார். மனம் தாங்காதாம்! அட கோதாரி, அதில் இரண்டு பாட்டு எந்த வீட்டுக் கண்ணீரோ நான் அறியேன். மூன்றாவது என் அப்பாவுடையது. அதை எழுதியவள் நான்.

எங்கள் தீவுப் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்போம். அதைக் கல்வெட்டு என்போம். செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று பாட்டுகள். யார் எழுதிக் கொடுத்தாலும் எழுதியவரின் பெயர் போடுவதில்லை. துக்கம் வீட்டாருடையது, அதில் மற்றவருக்கு என்ன பெயர் என்பது வழக்கம். சாப்பாட்டுக்கு முன் குரல் உள்ள ஒருவர் எழுந்து அதை இராகத்தோடு படிப்பார். எங்கள் ஊர் சரவணையில், எங்கள் வீட்டு முற்றத்தில், அப்பாவின் கல்வெட்டைப் படித்தவர் இந்தப் பாட்டுக்காரர்தான். அப்போது அவர் பாட்டுக்காரரும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலு வீடு தள்ளி இருந்து வெளிநாடு போக அலைந்துகொண்டிருந்த இளந்தாரி. படித்து முடித்ததும் என்னிடம் வந்து, "அக்கா, நெஞ்சைப் பிடுங்கிப் போட்டியள்" என்றார். ஒன்றுக்கு இரண்டாகப் புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பிள்ளைகள் புலம்பல் இப்படித் தொடங்கும்:

கிணற்றடியில் உங்கள் செருப்பிருக்கு – கால்
கழுவிவரு வீரென்று கதவிருக்கு

அப்பா தோட்டத்தால் வந்தால் கிணற்றடியில் செருப்பைக் கழற்றிக் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அன்றைக்கும் கழற்றினார். வாளியைத் தூக்கினவர் அப்படியே சரிந்துவிட்டார். அந்தச் செருப்பை எடுக்க எங்கள் ஒருவருக்கும் கை வரவில்லை. முப்பத்தொரு நாளும் அங்கேயே கிடந்தது.

ஏழெட்டு வருடம் கழித்து, நயினாதீவுக் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறை பஸ்ஸில் இருக்கிறேன். வெளிநாடு போய்ப் பாட்டுக்காரராகிவிட்ட அவருடைய குரலில் பாட்டுப் போகிறது. 'கிணற்றடியில் உந்தன் கொலுசிருக்கு.' அதே இராகம், கொஞ்சம் ஓட விட்டு, கீழே மேளம் போட்டு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொலுசாம்! கால் கழுவக் கொலுசைக் கழற்றி வைக்கிற பெண்ணை நான் இந்த வயது வரைக்கும் காணவில்லை. களவெடுத்ததைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை. என் அப்பாவின் சாவு காதல் பாட்டாகிவிட்டது.

அதன்பிறகு தப்ப வழியில்லை. அவர் மேடையில் பாடாதபடியால், நாங்கள் பாடுகிறோம் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். கலியாண மண்டபத்தில் கீபோர்டோடு ஒருவர். சாட்டிக் கடற்கரையில் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பெடியள். யூடியூப்பில் புல்லாங்குழலில் ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் கூடிப் பாடியது ஒன்று, பின்னால் நாய் ஊளையிட ஊளையிடப் பாடியது ஒன்று. ஒன்றையும் விடாமல் கேட்டேன். தங்கையின் மகளுடைய கலியாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து அதைப் பாடியபோது, மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்று அழுதேன். தங்கையோ, "விடுங்கோ அக்கா, உலகமெல்லாம் பாடுது, பெருமைதானே" என்றாள். ஊரில் இரண்டு பேருக்குச் சொன்னேன். எரிச்சலில் கதைக்கிறேன் என்று சிரித்தார்கள். பெயர் போடாத புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது? மிஞ்சியிருந்த ஒரே பிரதியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மன்னிக்கவில்லை. மன்னிக்க முயலவும் இல்லை.

போன வருடம் அவருடைய அம்மா காலமானார். நல்ல மனுசி, என்னோடு ஒரு சொல் கோணலாகக் கதைத்ததில்லை. செத்தவீட்டுக்கு வந்த மகன் எட்டாம் நாள் எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து இருந்தார். தலை நரைத்துப் போயிருந்தது.

"அக்கா, அம்மாவின்ரை கல்வெட்டை நீங்கள்தான் எழுதித் தரவேணும்."

"நீர் உலகம் மெச்சிற பாட்டுக்காரர் எல்லே. என்னட்டை ஏன் வந்தனீர்?"

"ஏலாமல் கிடக்கு அக்கா. நாலு நாளாய்க் கொப்பியோடை இருக்கிறன். ஒரு வரி வருகுதில்லை."

"ஓம் தம்பி, எழுதித் தாறன். அச்சகத்து வேலையும் நானே பாக்கிறன். நீர் யோசியாதையும்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குள் ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

அலுமாரியைத் திறந்து அப்பாவின் கல்வெட்டை எடுத்தேன். அதில் பிள்ளைகள் புலம்பலாக இருந்த மூன்று பாட்டையும் அப்படியே இறக்கினேன். அப்பா என்று வந்த இடத்தில் அம்மா. நாலாவதாக அந்த மனுசிக்கென்று புதிதாக ஒன்று எழுதினேன். அவர் மேல் எனக்கென்ன கோபம்? அதை மனமறிய நன்றாகவே எழுதினேன். கடைசிப் பக்கத்தில், வழக்கத்தை மீறி, முதல் மூன்று பாட்டும் எந்தக் கல்வெட்டில் வந்தவை, எழுதியவர் யார் என்று என் பெயரோடு போட்டேன். பழைய பக்கத்தின் படத்தையும் பக்கத்தில் போடுவித்தேன். சாவுவீட்டில் இது செய்யலாமா என்று மனம் ஒருக்கால் கேட்டது. என் அப்பாவின் சாவைக் கலியாணத்தில் பாடலாமா என்று திருப்பிக் கேட்டேன். மனம் வாயை மூடிக்கொண்டது.

முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. "தம்பி, நீர் இருக்க வேறை ஆர் படிக்கிறது?" என்று சொந்தக்காரர் எல்லாரும் அவரையே எழுப்பினார்கள். பக்கத்தைத் திறந்தார். முகம் செத்துப் போயிற்று. தலை நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"படியும் தம்பி. சனம் பசியோடை இருக்கு."

படித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இது கலியாண வீட்டுப் பாட்டெல்லே?" என்றது ஒரு குரல். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், "இல்லையடி பிள்ளை, கடைசிப் பக்கத்தைப் பார்" என்றார். முற்றம் முழுக்கப் பக்கங்கள் புரண்ட சத்தம் படித்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும். இரண்டாம் தரம் அந்த அடி வந்தபோது பழக்கத்தில் வாய் 'கொலுசு' என்று போய், நின்று, 'செருப்பு' என்று திருத்திக்கொண்டது. நல்லாய் வேணும் என்று நினைத்தேன். இத்தனை வருட எரிச்சலுக்கு அது குளிர்ந்த தண்ணீர்.

பிறகு நாலாவது பாட்டு வந்தது, வெளிநாட்டால் வந்து இறங்கிய மகன் பாடுவதாக.

பெட்டியொடு வாசலிலே வந்துநின்றேன் – 'பிள்ளை
சாப்பிட்டியோ' கேட்காத வீடிருக்கு

அதற்கு மேல் அவரால் ஏலவில்லை. நிலத்தில் இருந்து அழுதார். பேட்டியில் அழுகிற அழுகை இல்லை அது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. என் கண்ணும் கலங்கியது. ஆனாலும் எழுந்து போய்த் தேற்றவில்லை.

போன கிழமை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். "அக்கா, அம்மாவின்ரை அந்த நாலாவது பாட்டை மேடையிலை பாடவேணும் போலை கிடக்கு. உங்கடை பேரைச் சொல்லித்தான் பாடுவன். பாடலாமோ?"

முதல் தரமாக என்னைக் கேட்கிறார். நான் வாசித்துவிட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பதில் எழுதவில்லை. என் அப்பாவின் செருப்பு முப்பத்தொரு நாள் கிணற்றடியில் கிடந்தது. அவரும் கிடக்கட்டும்.