ஃபுல் பார் காட்டிய பின்கட்டு

1. ஞாயிறு மதியம்

ஈப்போவில் ஒரு சின்ன கம்பெனியில் வைஃபை மாட்டும் வேலை எனக்கு. அந்த ஞாயிறு செமோரில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மகளின் சர்க்கரை அளவு 4.1 என்று நின்றிருந்தது. அம்பு கீழ்நோக்கி. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

யாழினிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அவள் கைப்பேசிக்குச் சொல்லும். அது இணையம் வழியாக எனக்குச் சொல்லும். படிப்பதோ ஒன்றரை மணி நேரம் தள்ளி, தஞ்சோங் மாலிமில். தங்குவது பழைய ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில். இப்போது அது மாணவிகள் விடுதி. சுற்றிலும் செம்பனை, கைப்பேசி லைன் சரியாகக் கிடைக்காது. அங்கே மெஷ், அதாவது ஒன்றிடம் ஒன்று இணையத்தை வாங்கிக் கடத்தும் வைஃபை பெட்டிகள், மாட்டியதே நான்தான். சுவர்கள் தடிமன் என்பதால் மூன்று பெட்டிகள்: முன்கட்டில் ஒன்று, நடைவழியில் ஒன்று, யாழினியின் அறை இருக்கும் பின்கட்டில் ஒன்று. முன்பெட்டியிடமிருந்து நடுப்பெட்டி வாங்கிக் கொடுத்தால்தான் பின்பெட்டிக்கு உயிர்.

அவளைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. விடுதி நடத்தும் புவனா அக்காவை வீட்டு லைனில் பிடித்தேன்.

"தூங்குது போல லா. வைஃபை நல்லாதான் இருக்கு. நா பின்கட்டுலதான் நிக்கிறேன், என் ஃபோன்ல சிக்னல் ஃபுல் பாரு காட்டுது."

"அக்கா, நடுப்பெட்டியில லைட்டு எரியுதா?"

"அதுவா? அதக் கழட்டிட்டு அந்தப் பிளக்குலதான் தண்ணி கூலர் போட்டிருக்கேன். பிள்ளைங்க குடிக்கணும்ல. பெட்டிதான் இன்னும் ரெண்டு இருக்கே."

துணியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"போய் அவ கதவத் தட்டுங்க. இப்பவே."

"வயசுப் பிள்ள ரூமு, சும்மா சும்மா தட்டுனா கோவிச்சுக்கும்…"

"ஒடச்சாலும் பரவால்ல, போங்கக்கா."

தட்டினார். பதில் இல்லை. மாற்றுச் சாவியால் திறந்தபோது யாழினி வேர்வையில் நனைந்து, கூப்பிட்டும் கண் திறக்காமல் கிடந்தாள்.

2. கைப்பேசி எதைப் பார்க்கிறது

எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் கைப்பேசிதான். பெட்டி யோசனை சொல்லலாம், அவ்வளவே. பக்கத்தில் சிக்னல் பலமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் இணையத்துக்கு வழி இருக்கிறதா என்பது பாரில் தெரியாது. நடுப்பெட்டி செத்தபின் பின்பெட்டி, நாலு சுவர் தாண்டி முன்பெட்டியை நூலிழையில் பிடித்துக்கொண்டிருந்தது. என் மகளின் கைப்பேசியோ படுக்கைக்குப் பக்கத்தில் பலமான சிக்னலோடு நிம்மதியாக இருந்தது.

அவளைக் கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. "ஃபோன் நல்லாதாம்மா இருந்துச்சு" என்றாள்.

3. சாரி

அடுத்த வாரம் என் முதலாளி குணா கூப்பிட்டார். நான் கத்தியதாகவும், எங்கள் பெட்டி சரியில்லை என்றும் புவனா அக்கா புகார் சொல்லியிருந்தார்.

"கஸ்டமர் லா அக்கா. ஒரு சாரி சொல்லிட்டு வந்துருங்க."

"என் மக செத்திருப்பா, பாஸ்."

"தெரியும் லா. அதான் நல்லாயிட்டாளே."

விடுதிக்குப் போனேன். சாரி சொல்லவில்லை. மறுபடி மாட்டியிருந்த நடுப்பெட்டியின் பிளக்கைப் புவனா அக்கா கண்முன்னே பிடுங்கினேன். பின்கட்டுக்குக் கூட்டிப்போய் எனக்கு ஒரு படம் அனுப்பச் சொன்னேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆனா பாரு ஃபுல்லா இருக்கே" என்றார் அப்போதும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். பாரைக் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். வீட்டுக்காரர் முன்னால் நடுப்பெட்டியைப் பிடுங்கி, பார் குறையாமலே எல்லாம் நின்றுபோவதைக் காட்டுங்கள். அந்தப் பிளக்கை யாரும் தொடாதபடி மூடி போட்டுவிட்டு வாருங்கள்.

யாழினி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். விட்டு வரமாட்டேன் என்கிறாள். எண்கள் ஒழுங்காக வருகின்றன. வந்தாலும் விடுதி லைனில் கூப்பிடுகிறேன்.

"நம்பர்தான் வருதேம்மா, இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல. பேசு."