எப்போதும் எரியும் என்று சொல்லி விற்ற போன்கள்

செல்போன் கடைக்காரனிடம் நன்றாக ஓடும் போனைக் கொண்டுவந்து காட்டி யாரும் நன்றி சொன்னதில்லை. ஓடாத போனைக் கொண்டுவந்துதான் அவன் யோக்கியதையை விசாரிப்பார்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் என் கடை. விற்பனை நான். ரிப்பேர் மேசை சகாயமேரி. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேசைக்கு வரும் எந்தப் போனையும் ஸ்பிரே அடித்து, துணியால் பளிச்சென்று துடைத்த பிறகுதான் என்ன ஏது என்று பார்ப்பாள். எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. கடையை விட்டுக் கிளம்பும் போன் புதுசோ, ரிப்பேர் முடிந்ததோ, சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, மேலே கொஞ்சம் குங்குமமும் வைத்துத்தான் கொடுப்பேன். போனுக்கு நெற்றி எது என்று கேட்காதீர்கள். கண்ணாடியின் மேல் விளிம்பில், நட்டநடுவில். எங்கள் இரண்டு பேர் வழக்கமும் நல்ல வழக்கம்தான், தனித்தனியாக.

பொங்கல் விற்பனைக்கு ஒரு புது ரகம் வந்தது. திரையை அணைத்து வைத்தாலும் அந்தக் கறுப்பில் மணியும் தேதியும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே என்று பெயர். எங்கள் பக்கத்தில் "எரியிற டைம்" என்றால்தான் புரியும். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதை எப்படி அணைப்பது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மீதிப் பேர் அது ஏன் எரியவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் என் அனுதாபங்கள். நான் அதை விற்றவன். உங்களைவிட அதிகம் பட்டவன்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடக்கனந்தல் ஏழுமலையின் மகள் வெண்ணிலா, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பார்க்கப் போன அன்று, நான் பதற்றத்தில் காபியைத் தட்டிலேயே சிந்தியதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் நான் விழுந்தவன்தான், எழவே இல்லை. எனக்கு வயது முப்பத்திரண்டு. அதற்கு முன் நான்கு வரன்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் தாங்கமாட்டேன் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஏழுமலை கரும்பும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. தேங்காயைக்கூட மூன்று தரம் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். சம்பந்தத்துக்குப் பதில் சொல்லாமல், ஒரு நாள் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். தொண்டை வரை வந்த "மாமா"வை விழுங்கிவிட்டு "வாங்க ஐயா" என்றேன். போன் வேண்டும் என்றார். விட்டால் கிடைக்குமா? எரியிற டைமைக் காட்டி, "வரப்புல நின்னுக்கினே எட்டிப் பாத்தா மணி தெரியும் ஐயா, எதையும் அமுக்க வேணாம்" என்று ஒரே மூச்சில் அளந்தேன். மற்ற போனுக்கு மிளகு அளவு பொட்டு என்றால், இதற்கு மாப்பிள்ளை அழைப்பு அளவுக்குப் பெரிய பொட்டாக வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்:

"ஒரு மாசம் வச்சிப் பாக்கிறன் தம்பி. நீங்க சொன்ன மாரியே எரிஞ்சா, பொண்ணு விசியத்த பேசுவோம்."

பத்தே கால் கடிகாரம்

அன்றிலிருந்து யார் அந்த ரகப் போனோடு வாசல் ஏறினாலும் ஆளைப் பார்க்கும் முன் திரை எரிகிறதா என்று பார்ப்பேன். முதலில் வந்தவர் உளுந்தூர்பேட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் முருகேசன். கல்லாவைத் துடைக்கும் ஈரத் துணியாலேயே போனையும் நாளுக்குப் பத்துத் தரம் துடைப்பவர். போன் கண்ணாடி மாதிரி இருந்தது. மணி ஜோராக எரிந்தது. "நல்லாத்தானே எரியுது?" என்றேன். "அதான் ரோதனையே" என்றார்.

அவர் கடைச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. எனக்குத் தெரிந்து பல வருஷமாகப் பத்தே காலில் நிற்கிறது. செல் மாற்றச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். விவரம் அன்றுதான் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவன் மணி தெரியாமல் உட்கார்ந்தால்தான் இரண்டாவது டீ சொல்வான், கூட ஒரு வடையும் எடுப்பான். அந்தக் கடையே இந்த ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. அங்கே போய் நான் அணையாத கடிகாரத்தை விற்றிருக்கிறேன். எரியிற டைமை நிறுத்திக் கொடுத்தேன். அவர் ஆறவில்லை.

"பேச்சு சுகத்துல குந்தினு இருந்தவன்லாம், கல்லாவுல மணியப் பாத்துட்டு பாதி கிளாஸ வச்சிட்டு ஓடுறான். உன்னாண்ட போனு கேட்டனா, டைம் ஆபீஸ் கேட்டனா?"

மலை மேல் மணி

அடுத்து வந்தவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து சின்னப்பொண்ணு அக்கா. பலாப்பழம் விற்க இறங்கும்போதெல்லாம் கடைக்கு வருவார். அவர் ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலா மரம். போனை முந்தானையால் துடைத்து, கண்ணாடிப் பையில் போட்டு, மரத்தில் கட்டிவிட்டு வேலைக்குப் போவார். மணி அடித்தால் ஓடிவந்து எடுக்க வேண்டும்.

நான் விற்ற போன் மரத்தில் தொங்கியபடி அணில்களுக்கு மணி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சிக்னலைத் தேடியே பாதி சார்ஜ் தீரும், மணி காட்டி மீதி தீர்ந்தது. கரண்டும் சொன்னபடி வருகிற ஊர் அல்ல. நான் விடாமல், "அவசரத்துக்கு நேரம் தெரிய வேணாமாக்கா?" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"எங்க ஊருக்கு ஒரே பஸ்சு தம்பி. அது வந்தா காலையில, போனா சாயங்காலம். இந்த மணிய நீயே வச்சிக்கினு சார்ஜ மட்டும் குடு."

போதகரின் போன்

கச்சிராயபாளையம் பக்கத்து சபையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தங்கள் போதகருக்கு அதே போனை வாங்கிக் கொடுத்தார்கள். வெளியில் அன்பளிப்பு. உள்ளுக்குள், பிரசங்க மேசையில் மணி எரிந்தால் ஐயா சீக்கிரம் முடிப்பார் என்ற நம்பிக்கை. அவருக்கு நான் பொட்டு வைக்கவில்லை, மரியாதையாக வெறும் கையால் கொடுத்தேன். அது ஒரு நாள்கூட அணையவில்லை. என் மரமண்டைக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துச் சபை மூப்பர் வந்தார். மணி தெரிகிறதே, ஐயா சுருக்கமாக முடிக்கிறாரா என்று ஆசையாகக் கேட்டேன்.

"முன்னல்லாம் நேரம் தெரியாம ஜாஸ்தி பேசினார். இப்ப மணியப் பாத்துட்டு, இன்னும் இருக்குதேன்னு பேசுறாருங்க."

இரண்டு மூஞ்சி

இப்படி எரிகிறது, எரிகிறது என்று ஊரே அழுதுகொண்டிருந்தபோது, எரியவில்லை என்று வந்தவர் ஒரே ஒருவர். ஏழுமலை. யாருடையது எரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தேனோ அவருடையதுதான் எரியவில்லை. போனை வாங்கிச் சகாயமேரியிடம் கொடுத்தேன். அவள் வழக்கம்போலத் துடைத்தாள், பார்த்தாள், மேசையில் வைத்தாள். மணி ஜம்மென்று எரிந்தது. ஏழுமலைக்கே ஆச்சரியம். நான் வழக்கம்போல, வரப்போகும் மாமனார் என்பதால் இன்னும் தாராளமாக, பொட்டு வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனார். எரியவில்லை.

அடுத்த வாரம் வந்தார். துடைத்தாள், எரிந்தது, பொட்டு வைத்தேன், போனார், எரியவில்லை. மூன்றாம் தரம் சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்றினோம். துடைத்தாள், எரிந்தது, பொட்டு வைத்தேன். "அண்ணா, நம்ம வாசப்படியத் தாண்டினா இது மட்டும் அணைஞ்சிடுது" என்று சகாயமேரி பரிதாபமாகச் சொன்னாள். எனக்குத் தூக்கம் போயிற்று. செய்வினை, கண் திருஷ்டி என்று எல்லாவற்றையும் யோசித்தேன். திருஷ்டிக்கு என்று பொட்டை இன்னும் பெரிதாக்கவும் முடிவு செய்தேன்.

மறுநாள் ஏழுமலை போன் செய்தார். "இன்னிக்கும் எரியல தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட் செய்ததாக நினைத்துப் போனை எங்கோ வைத்துவிட்டார். கட் ஆகவில்லை. மாடு கத்தியது, குழாயில் தண்ணீர் விழுந்தது, பிறகு அவர் குரல் தன் வீட்டம்மாவிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது. வைத்துவிடலாம்தான். கை வரவில்லை. நின்றபடியே கேட்டேன்.

"கடையில காட்றது ஒரு மூஞ்சி, வூட்டுக்கு வந்தா ஒரு மூஞ்சி. விக்கிற போனே இப்டினா, அவன நம்பி பொண்ண எப்டி அனுப்புறது?"

கட்டைவிரல்

மறுநாள் மதியம் ஏழுமலை வந்தார், கூடவே வெண்ணிலா. முடிந்தது, போனைத் திருப்பிக் கொடுத்து ஜாதகத்தையும் கேட்டு வாங்கிப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெண்ணிலா போனைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். முந்தாநாள் நான் வைத்த பொட்டு அப்படியே காய்ந்திருந்தது. கைக்குட்டை நுனியால் அதைத் துடைத்தாள். மணி எரிந்தது. அதே இடத்தைக் கட்டைவிரலால் மூடினாள். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. விரலை எடுத்தாள். எரிந்தது. ரிப்பேர் மேசையில் சகாயமேரி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

போனின் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கண் இருக்கிறது. காதில் வைத்தாலோ, பையில் போட்டாலோ அது மறைந்துவிடும். உடனே திரை தன்னை அணைத்துக்கொள்ளும். தினமும் நாலு பேருக்கு நான் சொல்லும் பாடம் இது. அந்தக் கண்ணின் மேல்தான் வாரா வாரம் சந்தனத்தை அப்பியிருக்கிறேன். மற்றவர்கள் இரண்டு நாளில் துடைத்துவிட்டார்கள். ஏழுமலையோ பொட்டைக் காப்பாற்றியதோடு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது புதிதாக வேறு வைத்திருக்கிறார். "எப்டிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். நேற்று அப்பாவின் போனை எடுத்தபோது திரை இருட்டாக இருந்ததாம், உள்ளே யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டதாம். திரை வராததால் கட் செய்ய முடியாமல், பதினெட்டு நிமிஷம் லைன் ஓடியிருக்கிறது. பேசி முடித்தும் காதிலேயே இருப்பதாகப் போன் நினைக்கிறதென்றால் அந்தக் கண்ணை ஏதோ மறைக்கிறது என்று யோசித்து, பொட்டைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பாவாலதான் கட் பண்ண முடியல," என்றாள் வெண்ணிலா, அந்த முதல் நாள் சிரிப்போடு. "நீங்க பண்ணியிருக்கலாமே?"

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். பேசியது அத்தனையும் எனக்குக் கேட்டிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்து, காது மடல் சிவந்துவிட்டது. மெல்ல, "அப்ப இனிமே பொட்டே வைக்கக் கூடாதா?" என்று மகளிடம் கேட்டார். அவள் போனைக் கவிழ்த்து வைத்து, சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். மோதிர விரலால் போனின் முதுகில் பொட்டு வைத்தேன். ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தேங்காயைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினார். மணி எரிந்துகொண்டே இருந்தது.

"பொட்டு பின்னால இருக்கட்டும் மாப்ள. நல்ல நாள் பாத்து தாம்பூலத்த முன்னால வச்சி மாத்திக்கலாம்."

ஊரில் உள்ள போன்களையெல்லாம் திறந்து பார்த்துக் கோளாறு கண்டுபிடித்த கடையில், கோளாறு கடைக்காரனின் மோதிர விரலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒருத்தி மாப்பிள்ளை பார்க்க வரவேண்டியிருந்தது.